இருபத்திரண்டு

ஃபெர்ரி கம்பெனிக்குச் சொந்தம்;
அது கிளம்புவதா வேண்டாமா என்பது என் மனைவிக்குச் சொந்தம்.
சிலோயே தீவில் இது எல்லோருக்கும் புரியும்,
சால்மன் கம்பெனிக்காரர்களைத் தவிர.

மணிக்கு இருபத்தெட்டு கடல்மைல் காற்று வரை ஓட்டலாம் என்று
கம்பெனி அச்சடித்து ஒட்டியிருக்கிறது.
அதன் கீழே எடுவிகிஸ் கார்கமோ
சாக்பீஸால் எழுதியிருக்கிறாள்: இருபத்திரண்டு.
மழை அழிக்கும். மறுநாள் எழுதுவாள்.

ஏன் இருபத்திரண்டு என்று கேட்டால்,
"அதற்கு மேலே என் கை நடுங்குகிறது.
நடுங்கும் கையோடு பிறர் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்."
அவ்வளவுதான் அவளுடைய வேதாந்தம்.
மீதி நேரமெல்லாம் டீசல் வாடை, நகக்கண்ணில் கிரீஸ்,
அடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு போன்.

எனக்குக் கடை.
உருளைக்கிழங்கு, சிப்பி, கடற்பாசி, மெழுகுவர்த்தி.
என் தராசு முள் பூஜ்யத்தில் நிற்பதில்லை,
ஐம்பது கிராம் முன்னாலேயே போய் நின்றுகொள்ளும்.
அதைப் பிறகு பேசலாம்.

செவ்வாய்க்கிழமை காற்று இருபத்தைந்து.
துறையில் ஐஸ் உருகும் லாரி.
ஓட்டுநர் உர்பானோ கெஞ்சினான், திட்டினான்,
மேலாளரைப் போனில் பிடித்து அவள் காதில் வைத்தான்.
பதினோரு டன் மீன், அம்மணி, பதினோரு டன்.
"கேட்டது" என்றாள்.
போனை அவனிடமே கொடுத்துவிட்டுக்
கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கினாள்.
அன்றிரவு எனக்குப் பெருமை தாங்கவில்லை;
மதுக்கடையில் எல்லோருக்கும் ஒரு கோப்பை, என் கணக்கில்.

வெள்ளிக்கிழமை காஸ்த்ரோ நகரில் நடனப் போட்டி.
எங்கள் யஸ்னா எட்டு மாதமாகக்
குதிகாலால் சமையலறைத் தரையைத் தேய்த்திருந்தாள்.
பூப்போட்ட பாவாடை, கஞ்சி போட்ட கைக்குட்டை,
தலையில் நாற்பது ஊசி, குத்தியது நான்.
துறைக்கு வந்தோம்.
காற்று இருபத்துநான்கு.

இரண்டுதானே, என்றேன்.
செவ்வாயன்று லாரிக்காரனைப் பார்த்த அதே கண்ணால்
என்னைப் பார்த்தாள்,
பதினேழு வருடம் பக்கத்தில் படுத்தவனை.
நானும் சொல்லக்கூடாததைச் சொன்னேன்:
நீ ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்,
தன் பிள்ளை தானே வளரட்டும்.

மறுபடியும் அங்கே உர்பானோ.
லாரிப் படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்தான்,
கையில் மாத்தே கஷாயம் ஆறுவது தெரியாமல்.
அவள் ஒரு கயிற்றை அவிழ்த்திருந்தால் போதும்,
வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பான்.
சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசம்.

யஸ்னா அழவில்லை.
லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து
ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள்.
நாற்பதையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஐந்து மணிக்குக் காற்று விழுந்தது. பத்து.
போயிருக்கலாம் என்றார்கள் எல்லோரும்.
போயிருக்கலாம்தான்.

வீட்டுக்கு வந்து, கசங்கிய பாவாடையை
மறுபடி இஸ்திரி போட்டு மாட்டினாள்.
மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பிடவுமில்லை.
இரவு இரண்டு மணிக்கு மகளின் அறைக்கு வெளியே
தரையில் உட்கார்ந்திருந்தாள்,
ஈரக் காலுறையைக்கூடக் கழற்றாமல்.
படுக்கையிலிருந்து பார்த்தேன். எழுந்து போகவில்லை நான்.

ஞாயிறன்று காஸ்த்ரோவிலிருந்து அத்தை மகள் போன்.
ஏன் வரவில்லை?
"காற்று இருபத்துநான்கு" என்றாள் யஸ்னா.
அம்மா விடவில்லை என்று சொல்லவில்லை.
மன்னித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம்;
அம்மாவிடம் பேச அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் ஆனது.

திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்,
திருப்புளியால் தராசின் முதுகைத் திறந்தேன்.
துரு. செத்த ஈ ஒன்று.
முள்ளைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப்
பூஜ்யத்தில் உட்காரவைக்க ஒரு மணி நேரம்.
முதல் ஆளாக உர்பானோ வந்தான். இரண்டு கிலோ சிப்பி.
வழக்கமாய் அள்ளும் அளவை அள்ளிப் போட்டேன்;
முள் இரண்டைத் தொடவில்லை.
இன்னும் மூன்று சிப்பி எடுத்து வைத்தேன்.
அவன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.